இது எலியா, மூஞ்சூறா? கன்னங்குறிச்சி வீட்டுக்குள்ள ஒண்ணு சுத்துது

27 அக்டோபர் 2024, ராத்திரி 11.50

வீட்டுக்குள்ள ஏதோ ஒண்ணு பூந்துடுச்சு, ஒரு வாரமா. நாங்க இருக்கறது சேலம் கன்னங்குறிச்சி, மூக்கனேரி ஏரிக்கு இந்தப் பக்கம். வீட்டுக்குப் பின்னாடி காலி மனை, அதுல முள்ளும் பார்த்தீனியமும் ஆள் உயரத்துக்கு நிக்குது, மனைக்காரர் பெங்களூர்ல. இப்ப டிவி பாத்துட்டு இருந்தப்ப சுவத்த ஒட்டினாப்புல ஒரு கருஞ்சாம்பல் உருப்படி, தண்டவாளத்துல போற மாதிரி நேரா, கீச் கீச்னு சத்தம் வேற போட்டுக்கிட்டு, ஷூ ஸ்டாண்டு அடியில போயிடுச்சு. மூக்கு நீளம். மூஞ்சூறுன்னு நெனைக்கிறேன்.

அடுப்படியில தீபாவளிக்கு சுட்டு வச்ச முறுக்கு டப்பா மூடிய ஓரமா கடிச்சு வச்சிருக்கு, பிளாஸ்டிக் தூள் தூளா கெடக்கு. மேடையில இருந்த தேங்கா மூடிய காணோம். ஆக இது அந்த மூஞ்சூறு வேலைதான். விஷம் வேணாம், பொண்ணு ஆறாவது படிக்கிறா, அவளுக்கு ஒரு பூனை வேற வந்து போகுது. என்ன பண்ணலாம்? தெரிஞ்சவங்க கீழ எழுதுங்க, நடக்கறத நானும் இங்கயே தேதி போட்டு எழுதிட்டு வரேன்.

28 அக்டோபர், சாயங்காலம்

செவ்வாய்பேட்டை போனப்ப எலிய ஒட்ட வச்சுப் புடிக்கிற கம் அட்டை ரெண்டு வாங்கிட்டு வந்தேன். அம்மா பாத்துட்டு, "பிள்ளையார் வாகனத்த ஒட்ட வச்சு கொல்லுவியாடா"ன்னு ஒரே ஏச்சு. பிள்ளையார் வந்து முறுக்கு டப்பாவுக்கு காசு குடுப்பாரான்னு கேட்டேன். ராத்திரி சாப்பாடு ரசம் மட்டும்.

29 அக்டோபர், விடியக்காலம் 5.20

மாட்டிக்கிச்சு. ஆனா இதை எழுதுறப்ப சந்தோஷமா இல்ல.

ஷூ ஸ்டாண்டு அடியில அட்டை முழுக்க இழுபட்டு, வயிறும் ஒரு பக்க காலும் ஒட்டி, கத்திக் கத்தி ஓஞ்சு போய்க் கெடந்துச்சு. டார்ச் அடிச்சு கிட்ட பாத்தேன். கண்ணு இருக்கா இல்லையான்னு தேடணும், கடுகு மாதிரி ரெண்டு புள்ளி. மூக்கு மட்டும் தனியா உயிர் வச்ச மாதிரி ஆடிக்கிட்டே இருக்கு, நுனியில ரோஸ் கலர், அதச் சுத்தி மீசை. தோல் வெல்வெட்டு. வாய திறந்தப்ப பல்ல பாத்தேன், எலிக்கு முன்னாடி மஞ்சளா ரெண்டு உளிப்பல்லு இருக்கும்ல, அது இல்ல. சின்னச் சின்னதா ஊசி மாதிரி வரிசையா பல்லு. அப்புறம் அந்த நாத்தம், அடடா. பழைய கஸ்தூரி டப்பாவுல ஈரத்துணிய வச்சு மூடின மாதிரி. ஹால் முழுக்க அதே.

கடலெண்ணெய ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, பழைய டூத்பிரஷ்ஷால தள்ளித் தள்ளி, முக்கா மணி நேரம். கையில சாக்கு உறைய மாட்டிக்கிட்டேன், அப்படியும் ஒரு கடி வச்சுது, துணி தாண்டல. கடைசில கொஞ்சம் முடிய அட்டையிலயே விட்டுட்டு சலதாரை பக்கம் நொண்டி நொண்டி போச்சு. பொழைக்குமான்னு தெரியல. கம் அட்டை வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க, இத ஒரு தடவ நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க. மிச்சம் இருந்த அட்டைய குப்பையில போட்டுட்டேன். அம்மா கிட்ட சொல்லல, ஆனா எண்ணெய் பாட்டில் காலியா இருக்கறத பாத்து கண்டுபுடிச்சுட்டாங்க.

30 அக்டோபர்

நேத்து ராத்திரி மறுபடி மூடிய கடிச்சிருக்கு. வேற டப்பா. இந்த தடவ மேல் சிலாப்புல இருந்தது, ஆறடி உசரம்.

மூஞ்சூறு அவ்வளவு ஏறாதே.

31 அக்டோபர்

எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்து. சரவெடி வெடிச்சா ஓடிரும்னு மச்சான் சொன்னாரு. ஓடல, நாங்கதான் காதப் பொத்திக்கிட்டு ஓடினோம்.

3 நவம்பர், ஞாயித்துக்கிழமை

இன்னைக்கு லீவு, சிலாப்ப முழுசா இறக்கிப் பாத்தேன். 27ந்தேதி நான் எழுதினது முக்கால்வாசி தப்பு, மொதல்ல அத ஒத்துக்கறேன். வீட்ல இருக்கறது ரெண்டு. கீழ ஓடுறது ஒண்ணு, மேல திங்கிறது ஒண்ணு. நான் கீழ ஓடினத புடிச்சு தண்டிச்சிருக்கேன்.

எப்படி தெரிஞ்சுதுன்னா புழுக்கைய வச்சு. சிலாப்புல பழைய கொலு பொம்மை அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி கெடந்துச்சு, அரை இஞ்ச் நீளம், ரெண்டு முனையும் கூரா, லேசா வளைஞ்சு. பொண்ணு ஸ்கேல் எடுத்துட்டு வந்து வச்சா, சரியா 12 மில்லிமீட்டர். அது வீட்டெலி, கருப்பெலின்னும் சொல்றாங்க, ஓட்டு மேல கம்பி மேல ஓடுமே அது. சுண்டெலின்னா சீரகம் மாதிரிதான் இருக்கும், அங்கங்க தூவி விட்ட மாதிரி நெறைய கெடக்கும். மூஞ்சூறுது வேற, ஒரே மூலையில கும்பலா, ஈரமா, நாத்தமா இருக்கும், காஞ்சதும் கிண்டிப் பாத்தா கரப்பான் றெக்கைத் துண்டு தெரியும் (பாத்தேன், ஆமா, பொண்டாட்டி ரெண்டு மணி நேரம் பேசல). ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருந்தது இந்த ரகம். அதாவது அந்த பாவப்பட்ட ஜென்மம் இத்தன நாளா எங்க வீட்டு கரப்பான தின்னுட்டு இருந்திருக்கு, அதுக்கு நான் குடுத்த கூலி கம் அட்டை.

மூஞ்சூறு எலி ஜாதியே கெடையாது. பூச்சி திங்கிற இனம், பல்லு பாத்தாலே தெரியும். எலிக்கு முன்பல்லு சாகுற வரைக்கும் வளந்துக்கிட்டே இருக்கும், அதத் தேய்க்கணும்னே கண்டதையும் கடிக்கும். டப்பா மூடி, ஒயரு, மர அலமாரின்னு கொறிச்ச தடம் இருந்தா அது எலிதான், மூஞ்சூறு மேல பழி போடாதீங்க. பிள்ளையார் கோயில்ல பாக்குற வாகனம் எதுன்னு எங்க வீட்ல இப்ப புது சண்டை. அம்மா மூஞ்சூறுங்கறாங்க. நம்ம கோயில் கல்சிலையில இருக்கறது நல்ல குண்டா, உருண்ட மூஞ்சியோட, பாத்தா பெருச்சாளி மாதிரிதான் எனக்குத் தோணுது.

பெருச்சாளின்னதும் ஞாபகம் வருது, அதை மூணாவதா சேத்துக்கோங்க. அது வீட்டுக்குள்ள அவ்வளவா வராது, சாக்கடை ஓரம், காம்பவுண்டு அடி, அங்க பொந்து போட்டு மண்ண குவிச்சு வச்சிருக்கும். செவ்வாய்பேட்டை லீ பஜார் மூட்டைக் கடைங்க பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மேல நடந்து பாருங்க, பூனையே ஒதுங்கி வழி விடும். இங்கிலீஷ்காரன் அதுக்கு வச்ச பேரு தெலுங்கு பந்திகொக்குல இருந்து போனது, பன்னி எலின்னு அர்த்தம்.

4 நவம்பர்

வால வச்சு எது எதுன்னு கண்டுபுடிக்க முடியாதான்னு கீழ ஒருத்தர் கேட்டிருக்காரு: வீட்டெலிக்கு வால் ஒடம்ப விட நீளம். பெருச்சாளிக்கு ஒடம்ப விட குட்டை, தடிமன். காது பெருசா ரோஸா மெல்லிசா இருந்தா வீட்டெலி. ஓடுறப்ப இதெல்லாம் எங்க பாக்கறதுன்னு கேப்பீங்க. நானும் பாக்கல, புழுக்கைய பாத்தேன்.

இன்னொண்ணு, நேத்து அந்த சிலாப்ப நான் வெளக்குமாத்தால பெருக்கித் தள்ளினேன், அது தப்பாம். காஞ்ச புழுக்கை தூசி மூக்குக்குள்ள போகக் கூடாது. ப்ளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணிய தெளிச்சு கொஞ்ச நேரம் ஊற விட்டு, கையுறை போட்டு, துணியால துடைச்சு எடுக்கணும். எலிக்காய்ச்சல் முக்கியமா மூத்திரம் கலந்த தண்ணி, ஈர மண்ணு வழியாத்தான் வரும், கால்ல புண்ணோட சாக்கடைத் தண்ணில நடக்காதீங்க. மழைக்காலத்துல காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு சிவப்புன்னு வந்தா டாக்டர் கிட்ட வீட்ல எலி இருக்குன்னு வாயத் திறந்து சொல்லுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க.

9 நவம்பர்

எலிப்பொறி கதை. கூண்டு வகை, எங்க அப்பாரு காலத்து மரப்பொட்டி ஒண்ணு வாழப்பாடி வீட்ல இருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்.

முதல் நாள் தேங்கா சில்லு, சுட்டு வச்சது. சீண்டல.
ரெண்டாம் நாள் கருவாடு. பொண்ணோட பூனை மாட்டிக்கிச்சு, தலை மட்டும்.
மூணாம் நாள் பக்கோடா. எறும்பு.
நாலாம் நாள் தக்காளி. அது யாரோ எழுதினாங்கன்னு வச்சேன், அழுகிப் போச்சு.

நேத்து நம்ம ஊரு ஆயுதம், தட்டுவடை செட்டு வாங்கிட்டு வந்தப்ப ஒரு தட்டுவடைய, கேரட் பீட்ரூட் துருவல் எல்லாம் எடுத்துட்டு, கம்பியில குத்தி வச்சேன். காலையில பாத்தா கதவு தொறந்தபடி இருக்கு, தட்டுவடை இல்ல. காரச் சட்னி தடவின ஓரத்த மட்டும் மிச்சம் வச்சிருக்கு.

பக்கத்து வீட்டு அண்ணன் பொன்னம்மாப்பேட்டையில மளிகைக் கடை வச்சிருந்தவரு, அவரு சிரிச்சுட்டு சொன்னாரு, "பொறிய வச்ச அன்னைக்கே புடிக்கப் பாக்காதீங்க தம்பி, நாலு நாளு கதவு விழாம கட்டி வச்சு சும்மா தீனி போடுங்க, பழகட்டும்." வீட்டெலிக்கு புதுப் பொருள்னா சந்தேகமாம், நேத்து இல்லாதது இன்னைக்கு இருந்தா சுத்திப் போகும். சுண்டெலி அப்படி இல்ல, புதுசுன்னா மோந்து பாக்க வரும். நடு ரூம்ல வைக்காதீங்க, சுவத்த ஒட்டி வைங்க, அதுங்க சுவத்து ஓரமாத்தான் மீசை உரசிக்கிட்டு போகும். கதவுல கயிறு கட்டிட்டேன். இப்ப தினம் ஒரு தட்டுவடை, என் செலவுல.

15 நவம்பர்

சென்னை பக்கம் குன்றத்தூர் செய்தி பாத்தீங்களா. வீட்டுக்குள்ள வச்ச எலி மருந்தோட நெடிய சுவாசிச்சு ரெண்டு குழந்தைங்க போயிடுச்சு. காலையில பேப்பர் படிச்சதுல இருந்து மனசு ஒரு மாதிரி இருக்கு.

மருந்து வை மருந்து வைன்னு சொன்னவங்களுக்கு, நான் வைக்கப் போறதில்ல. டியூப்ல வர்ற மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டு இருக்கே, அதுக்கு மாத்து மருந்தே கெடையாது. தெரியாம வாயில பட்டாலும் மொத ஒரு நாள் ரெண்டு நாள் ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும், அப்புறம் ஈரல புடிச்சுக்கும். குழந்தைங்க தொட்டுதுன்னு சந்தேகம் வந்தாலே, நல்லா இருக்கான்னு வீட்ல வச்சு பாத்துட்டு இருக்காம பெரியாஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடணும், டியூப்பயும் கையில எடுத்துட்டு. வீட்ல இருந்தா இன்னைக்கே அப்புறப்படுத்துங்க.

கேக்கு மாதிரி கட்டி கட்டியா வர்றது வேற ரகம், ரத்தம் உறைய விடாம செய்றது, அதுக்கு வைட்டமின் கே ஊசி இருக்கு. ஆனா அத தின்ன எலி உடனே சாகாது, நாலஞ்சு நாளாகும். தண்ணி தேடி வெளிய போய் சாகும்னு கடைக்காரர் சொல்றாரே, அது கதை. அதுக்கு இஷ்டப்பட்ட எடத்துலதான் சாகும், பெரும்பாலும் பீரோவுக்குப் பின்னாடி. எங்க மாமனார் வீட்ல அப்படித்தான் பொங்கலுக்கு முன்னாடி பத்து நாள் சாம்பிராணி போட்டே ஓட்டினாங்க. செத்துக்கிட்டு இருக்கற அந்த எலிய பூனை புடிச்சா பூனைக்கும் ஆபத்து, கூகை புடிச்சா கூகைக்கும்.

16 நவம்பர்

சத்தம் போடுற மிஷினு பிளக்குல மாட்டி வச்சா ஓடிருமான்னு கேட்டவருக்கு, எங்க வீட்ல அதுக்கு மேலயே உக்காந்திருந்த தடயம் இருக்கு. 12 மில்லிமீட்டர்.

18 நவம்பர்

சிலிண்டர் மாத்துறப்ப பாத்தேன், கேஸ் டியூப்புல பல்லு பட்ட தடம். ரெண்டு ரெண்டு கோடா ஜோடியா, ரப்பர்ல விரல் நகம் அழுத்தின மாதிரி. நல்லவேளை ஆரஞ்சு டியூப், உள்ள கம்பிப் பின்னல் இருக்கறதால மேல் தோலோட நின்னுச்சு. பழைய பச்ச ரப்பர் டியூப்பா இருந்திருந்தா நான் இதை எழுதிட்டு இருக்க மாட்டேன். உடனே டியூப்ப மாத்தியாச்சு. எலி இருக்கற வீட்ல ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ரெகுலேட்டர மூடிருங்க. அது முறுக்கு தின்னா தின்னுட்டு போகுது, இது விளையாட்டு இல்ல.

24 நவம்பர், ஏற்காட்டுல இருந்து

சித்தப்பா வீட்டுக்கு வந்திருக்கோம், நாகலூர் பக்கம், ரெண்டு ஏக்கர் காப்பி, மிளகு, நடுவுல சில்வர் ஓக். இங்க எலி பத்தி பேச்சு எடுத்தா போதும், ஆளுக்கு ஒரு கதை. காப்பி எலின்னே ஒண்ணு இருக்கு, காப்பிச் செடி மொட்டையும் பூவையும் திங்கறது, பத்தொன்பதாம் நூத்தாண்டுல இலங்கை காப்பித் தோட்டங்கள்ல பெரிய தொல்லை குடுத்ததாம்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. இன்னைக்கு காலையில எட்டு மணிக்கு காப்பி உலர்த்துற களத்தோரம் பாறை மேல ஒண்ணு வந்து நின்னுச்சு. "அணிலு"ன்னேன். முதுகுல மூணு கோடு இல்ல. மூஞ்சி கூரா, மூஞ்சூறு மாதிரி. வால் மட்டும் புசுபுசுன்னு அணில் மாதிரி. செம்பழுப்பு, தோள் பக்கம் வெளிறின ஒரு கோடு. இலைச் சருக எல்லாம் தள்ளித் தள்ளி பூச்சி பொறுக்குது. நாலஞ்சு குருவிங்க அதுக்கு மேல கிளையில கூடவே நகருது. சித்தப்பா சர்வ சாதாரணமா "மூங்கணத்தான்"னாரு. மர மூஞ்சூறு, எலி சொந்தம்தான். போட்டோ எடுக்க செல்ல எடுத்தேன், போயிடுச்சு.

25 நவம்பர்

நேத்து எழுதினது தப்பு. அது எலியும் இல்ல, அணிலும் இல்ல, மூஞ்சூறும் இல்ல. தனி வரிசை, அதுக்கும் எலிக்கும் ஒட்டு உறவு ரொம்ப தூரம். விஞ்ஞானப் பேரு அனதானா எல்லியோட்டி. எல்லியோட்டிங்கற பின் பேரு 1850ல வச்சது. எல்லியோட்டிங்கறது சென்னை ராஜதானியில வேலை பாத்த வால்டர் எலியட் பேரு. அனதானா என்னன்னு பாத்தா, நம்ம மூங்கில் அணத்தான்ல இருந்து எடுத்தது! சித்தப்பா சொன்ன அதே பேரு. லத்தீன்னு நெனச்சு வாய கோணி படிச்சுட்டு இருந்தேன், தமிழ். அந்த காப்பி எலிக்கும் பின் பேரு எல்லியோட்டிதான், அதே மனுஷன்.

இன்னைக்கு முழுக்க பொண்ணு இதயே சொல்லிட்டு திரியறா.

2 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டராம். ஏற்காடு ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு, சித்தப்பா மேலயே மாட்டிக்கிட்டாரு. நல்ல வேளை நாங்க போன வாரமே எறங்கிட்டோம். காலி மனை முழுக்க தண்ணி, அங்க இருந்த அத்தன ஜீவனும் மேடு தேடி வருது. காலையில காம்பவுண்டு மேல சாரைப்பாம்பு ஒண்ணு, ஆறடி இருக்கும். எலி இருந்தா பின்னாடியே அது வரும்னு அம்மா அப்பவே சொன்னாங்க. விட்டுட்டோம், விஷம் இல்ல, அதுவும் நம்ம வேலையத்தான் பாக்குது.

5 டிசம்பர்

கயிற அவுத்தேன். ராத்திரி ரெண்டேகால் மணிக்கு டொப்புனு கதவு விழுந்துச்சு. தட்டுவடைதான்.

வீட்டெலி, இடது காது நுனி கிழிஞ்சது. கூண்டுக்குள்ள உக்காந்து கம்பிய கடிச்சுக்கிட்டு நேரா என்னையப் பாத்துச்சு, கண்ணு நல்லா பெருசு, மொளகு மாதிரி கருப்பு. கொல்ல மனசு வரல. ஏரிக்கரைக்கு வண்டியில கொண்டு போய் தொறந்து விட்டேன். முந்நூறு மீட்டர் இருக்கும்.

8 டிசம்பர்

இடது காது கிழிஞ்சது. மறுபடி. அதே பொறி, அதே தட்டுவடை. சத்தியமா அதேதான்.

பொண்டாட்டி சொல்றா எல்லா எலிக்கும் காது கிழிஞ்சிருக்கும்னு. இருக்கலாம். அந்த தூரத்துல விட்டா திரும்பி வரத்தான் செய்யுமாம், கிலோமீட்டர் கணக்குல கொண்டு போய் விட்டா வேற யாரு வீட்லயோ பூரும், இல்லன்னா எடம் தெரியாம சாகும். அண்ணன் கூண்ட வாங்கிட்டு போனாரு. கழுவி காய வச்சு திருப்பிக் குடுத்தாரு. நான் ஒண்ணும் கேக்கல.

11 டிசம்பர்

இவ்வளவு நாளா செஞ்சிருக்க வேண்டிய வேலைய நேத்துதான் செஞ்சேன். எப்படி உள்ள வருதுன்னு பாக்கறது. எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தின கதையா கம் அட்டை, கருவாடு, மிஷினுன்னு திரிஞ்சேனே தவிர சுவத்த ஒரு சுத்து சுத்திப் பாக்கல.

மாமரத்துக் கிளை மொட்டை மாடி கைப்பிடிய தொட்டுக்கிட்டு இருந்துச்சு. அங்க இருந்து கேபிள் ஒயரு, ஒயர்ல இருந்து ஏசி பைப்பு போற ஓட்டை. ஏசி மாட்டினவன் ரெண்டு இஞ்ச் ஓட்டை போட்டுட்டு பைப்ப விட்டுட்டு அப்படியே போயிட்டான், உள்பக்கம் பிளாஸ்டிக் வளையம் மூடிக்கிட்டதால எங்களுக்குத் தெரியல. ஓட்டையச் சுத்தி சுவத்துல எண்ணெப் பிசுக்கு மாதிரி கருப்புத் தீட்டு, அதோட ஒடம்பு உரசி உரசி வந்தது. அந்தத் தீட்டு இருந்தா அதுதான் வாசல்.

கிளைய ஒரு கஜம் உள்ள தள்ளி வெட்டியாச்சு. ஓட்டையில பாத்திரம் தேய்க்கிற கம்பி நார திணிச்சு, மேல சிமெண்டுல கண்ணாடிச் சில்லு கலந்து அப்பிட்டேன், கொத்தனார் அண்ணன் சொல்லிக் குடுத்த பழைய வித்தை. வெறும் சிமெண்டு ஈரமா இருக்கப்பவே கொடஞ்சிரும். பென்சில் நுழையற சந்து இருந்தா சுண்டெலி வரும், கட்டை விரல் நுழைஞ்சா எலி வரும், அதனால அடுப்படி ஜன்னல் ஓரம் வரைக்கும் பென்சில வச்சுக்கிட்டே சுத்தினேன். பொண்ணு மைதா மாவ சிலாப்புல தூவி வச்சா, காலடி தெரியுமாம். மூணு ராத்திரி பாக்கணும்.

14 டிசம்பர்

மாவு அப்படியே இருக்கு. நேத்து கார்த்திகை தீபம், பொரி உருண்டைய மூடாம மேடையில வச்சுட்டே தூங்கிட்டோம், ஒண்ணும் ஆகல.

ஆனா காலையில அஞ்சு மணிக்கு தண்ணி மோட்டார் போட எந்திரிச்சு வந்தேன். பாத்ரூம் பக்கம் கீச் கீச். லைட்ட போடாம செல்லு வெளிச்சத்துல பாத்தேன். சலதாரை ஜாலி ஒரு மூலை தூக்கி இருக்கு, அது வழியா அந்த நீள மூக்கு. பின்னாடி ஒரு குட்டி, தாய் வால் அடிய வாயால கவ்விக்கிட்டு. அது பின்னாடி இன்னொண்ணு, முன்னாடி போற குட்டிய கவ்விக்கிட்டு. அப்புறம் இன்னொண்ணு. தாயும் மூணு குட்டியுமா ரயில் பெட்டி மாதிரி சுவத்த ஒட்டியே ஷூ ஸ்டாண்டு அடியில போச்சு. தாய்க்கு வயித்துப் பக்கம் ஒரு ரூவாக் காசு அளவு முடி இல்ல, புதுசா மொளைச்சுட்டு இருக்கு.

அம்மாவ எழுப்பிக் காட்டினேன். கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. பொண்டாட்டி மூக்கப் பொத்திக்கிட்டு, இதுக்கும் சேத்து சிமெண்டு கலக்கலையான்னு கேட்டா. குட்டிங்க தனியா ஓட ஆரம்பிக்க ஒரு மாசம் ஆகாது, அப்புறம் ஜாலிக்கு ஸ்க்ரூ போட்டுடலாம்னு சொல்லி வச்சிருக்கேன். தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆளு வர்றதுக்குள்ள அது காலி பண்ணணும்னு கெடு குடுத்திருக்கா.